தலைவர் வீட்டில் இருக்கும் பதிவேட்டை ஊராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுவருவது எப்படி

ஒரு கிராம ஊராட்சி தனியார் சொத்தாக மாறிவிட்டதா என்பதை அறிய, அதன் தீர்மானப் புத்தகம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டாலே போதும். அந்தப் புத்தகமும் வரவு செலவுப் பதிவேடுகளும் தலைவர் வீட்டு அலமாரியில் இருந்தால், குடிநீர் இணைப்புக்கு மக்கள் அந்த வீட்டு வாசலில் காத்திருந்தால், பெண் தலைவர் வீட்டுக்குள் இருக்க அவருடைய கணவர் மன்றக் கூட்டத்தை நடத்தினால், பொது நிறுவனம் ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது என்று பொருள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு தரும் சட்டத்திருத்தம் 2016இல் வந்தது. இருந்தும் பல ஊர்களில் அதிகாரம் கணவரிடமே தங்கிவிட்டது.

இந்தப் பிடிக்குப் பின்னால் பணம் மட்டும் இல்லை, சாதியும் இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டது, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் அவர் அமர்ந்ததற்காகத்தான். அதேபோலத் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தித் தலைவரை நிலைக்கவைக்கவே முடியவில்லை. ஆகவே கீழே சொல்லும் எந்த வேலையையும் தனியாளாகத் தொடங்க வேண்டாம். வெவ்வேறு தெருக்களிலிருந்து பத்துப் பேராவது சேர்ந்து, மனுக்களில் எல்லோரும் கையெழுத்திட்டுத் தொடங்குங்கள். தலைவரோ உறுப்பினரோ பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, அவரைப் பணிசெய்ய விடாமல் பிறர் தடுத்தால், அது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம் என்பதைப் புகாரில் எழுதுங்கள்.

முதல் வேலை, பதிவேடுகளை நேரில் பார்ப்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நகல் கேட்கும் உரிமையோடு ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. தமிழ்நாட்டில் பலரும் இரண்டாவதைப் பயன்படுத்துவதே இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்புங்கள். பதில் தர வேண்டியவர் வேறொருவர் என்றால், 5 நாள்களுக்குள் மனுவை அவருக்கு மாற்றி அனுப்புவது அலுவலகத்தின் கடமை. "முறைகேடு நடந்ததா" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. குறிப்பிட்ட நிதியாண்டின் தீர்மானப் புத்தகம், செலவுச் சீட்டுகள், முடிந்த வேலைகளை அளந்து பதியும் அளவீட்டுப் புத்தகம், தணிக்கை அறிக்கை ஆகியவற்றைப் பார்வையிட வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. காத்திருக்கும் நாள்களில் ஊராட்சிக் கணக்குகளைக் காட்டும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தைத் திறந்து, மத்திய நிதிக்குழு மானியத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு பணம் போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த வேலை ஊரில் உண்மையில் நடந்திருக்கிறதா என்று நடந்தே போய்ப் பாருங்கள்.

இரண்டாவது களம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் அது கூட வேண்டும். என் கணிப்பில், ஊராட்சியைத் தன்வசமாக்குவோர் அதிகம் நம்பியிருப்பது இந்தக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டைத்தான். மக்கள் வந்தவுடன் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கையெழுத்துகளே, யாரும் கேட்டிராத தீர்மானங்களுக்கு ஊரார் ஒப்புதலாக ஆகிவிடுகின்றன. எனவே தீர்மானங்களை மேடையிலேயே எழுதவும், எழுதியதை உரக்கப் படிக்கவும், கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு முடிக்கவும் வலியுறுத்துங்கள். முடித்த பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் மறுத்தால், அந்த மறுப்பைக் கூட்டத்தைப் பார்வையிட அரசு அனுப்பியிருக்கும் அலுவலரான பற்றாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். குறைவெண் வரம்பையும், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதையும், கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது என்பதை ஊருக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்து வருவது உங்கள் குழுவின் பொறுப்பு.

துணைத் தலைவரைச் சந்திக்கவும் மறக்காதீர்கள். ஊராட்சியின் பணம் வெளியே போக தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்பமும் வேண்டும் என்று விதி வைத்ததே ஒருவரை மற்றவர் கண்காணிக்கத்தான். செலவுச் சீட்டைப் பார்க்காமல் கையெழுத்திட்டால் தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபணையான தணிக்கைத் தடை தன் பெயரிலும் விழும் என்று எடுத்துச் சொன்னால், பலர் நிதானிப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும் மேற்சொன்ன ஆவணங்களைக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகே மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன் 205ஆம் பிரிவின்படி, கடமையை வேண்டுமென்றே மீறும் தலைவர் மீது ஆட்சியர் தாமாகவோ, மன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் குற்றச்சாட்டுகளுடன் கையெழுத்திட்டுத் தரும் மனுவின் பேரிலோ நடவடிக்கை தொடங்கலாம். உறுப்பினர்கள் முன்வராத ஊரில், ஆட்சியர் தாமாகத் தொடங்க வேண்டும் என்று கேட்பதே வழி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தேதி, தொகை, சான்றாக இணைத்த நகலின் எண் ஆகிய மூன்றும் இருக்கட்டும். மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்து, அதே எண்ணைக் குறிப்பிட்டு, மனு எந்த அலுவலரின் மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று தகவல் உரிமை மனு ஒன்றை அனுப்புங்கள்.