சான் கார்லோஸில் படித்தவர் யார், படிக்காதவர் யார்? பட்டியல் போடும்போது வழுக்கும் இடங்கள்

குவாத்தமாலாவின் சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்துக்கான ஆணை 1676 ஜனவரி 31 அன்று பிறந்தது. ஸ்பெயினை அப்போது ஆண்டவர் இரண்டாம் கார்லோஸ். வகுப்புகள் தொடங்க 1681 ஆகிவிட்டது. மத்திய அமெரிக்காவில் இதைவிட மூத்த பல்கலைக்கழகம் கிடையாது. நிகராகுவாவின் லியோன் நகரப் பல்கலைக்கழகம் வந்ததே 1812-ல்தான்.

இவ்வளவு பழைய இடம் என்பதால் 'இங்கே படித்த பிரபலங்கள்' என்று ஒரு பட்டியல் போடும் ஆசை வினாடி வினா தயாரிப்பவர்களுக்கும் வரும், கட்டுரை எழுதுபவர்களுக்கும் வரும். அப்படிப் போடும் பட்டியலில் படிக்காதவர்கள் சிலர் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், படித்தவர்கள் பலர் விடுபட்டுப் போவார்கள். இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மூன்றரை நூற்றாண்டாக ஒரே பெயரில், ஒரே நாட்டில், ஒரே கட்டடத்தில் இந்தப் பல்கலைக்கழகம் இயங்கியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த மூன்றுமே தவறு.

புகழ்பெற்ற குவாத்தமாலாக்காரர் எல்லோரும் அங்கே படித்தவர் அல்ல

முதலில் மாட்டுவது ரிகொபெர்த்தா மென்ச்சு. 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், உலகறிந்த குவாத்தமாலாக்காரர். அந்தப் பரிசு கைக்கு வந்தபோது அவரிடம் படித்து வாங்கிய பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. பிறகு பல பல்கலைக்கழகங்கள் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தன. கௌரவப் பட்டம் பெற்றவரை முன்னாள் மாணவர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது அதிபர்கள். 1944 புரட்சிக்குப் பிறகு வந்த ஹுவான் ஹொசே அரேவாலோ, முனைவர் பட்டம் வாங்கியது அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில். அவருக்குப் பின் வந்து 1954-ல் கவிழ்க்கப்பட்ட ஹாகோபோ ஆர்பென்ஸ் ராணுவக் கல்லூரியில் பயின்றவர். அரேவாலோவின் மகன் பெர்னார்டோ 2024-ல் அதிபரானார். அவர் படித்தது ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்திலும் நெதர்லாந்தின் உத்ரெக்டிலும். குவாத்தமாலா அரசியலைப் பற்றிப் பேசினால் முதலில் வாயில் வரும் பெயர்கள் இந்த மூன்றும்தான், மூவருமே சான் கார்லோஸில் பட்டம் பெற்றவர்கள் அல்லர்.

அறிவியல் பக்கமும் இதே கதை. டுவோலிங்கோவை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆன் குவாத்தமாலா நகரத்துக்காரர், ஆனால் கல்லூரிப் படிப்பு முழுக்க அமெரிக்காவில். இன்காபரினா என்ற மலிவு விலைச் சத்துமாவின் பின்னால் இருந்த ரிகார்டோ ப்ரெசானியும் அமெரிக்காவில் படித்தவரே. கண்பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருடு நோய் அமெரிக்கக் கண்டத்திலும் இருக்கிறது என்று கண்டுபிடித்த ரொடோல்ஃபோ ரோப்லெஸ் மருத்துவம் படித்தது பாரிஸில்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில், 1961-ல் ஏசு சபையினரின் தனியார் பல்கலைக்கழகம் தொடங்கும் வரை, நாட்டிலேயே இருந்தது ஒரே பல்கலைக்கழகம்தான். ஆகவே 1950-ல் உள்நாட்டில் சட்டமோ மருத்துவமோ படித்தவர் என்றால் வேறு இடத்துக்கு வழியில்லை, தைரியமாக எழுதலாம். 'உள்நாட்டில் படித்தவர்' என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பின, ஏழைக் குடும்பத்துக் கெட்டிக்காரர்கள் உதவித்தொகை பெற்றுப் போனார்கள். 1961-க்குப் பிறகு அந்த ஊகமும் செல்லாது.

பெயர் மாறிய கதை

நான் பார்த்தவரை அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

1821-ல் விடுதலை வந்த பின் பல்கலைக்கழகம் அரசியல் பந்தாகிவிட்டது. அரச ஆணையால் பிறந்து, 1687-ல் போப்பாண்டவரின் அங்கீகாரமும் பெற்ற இடம் ஆயிற்றே, தாராளவாதிகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அப்போது மத்திய அமெரிக்கக் கூட்டாட்சியில் ஒரு மாநிலமாக இருந்த குவாத்தமாலாவின் தலைவர் மரியானோ கால்வெஸ் 1832-ல் அதை மூடிவிட்டு 'அகாதெமியா தெ எஸ்தூதியோஸ்' என்ற கல்விக்கழகத்தை அந்த இடத்தில் வைத்தார். வேடிக்கை என்னவென்றால் கால்வெஸ் அதே சான் கார்லோஸில் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1840-ல் பழமைவாதிகள் கை ஓங்கியதும் பழைய பல்கலைக்கழகம் திரும்பி வந்தது. 1875-ல் ஹுஸ்தோ ருஃபினோ பாரியோஸ் மறுபடி அதைக் கலைத்து, மதச்சார்பற்ற தேசியப் பல்கலைக்கழகம் ஆக்கினார்.

அப்புறம் வந்தது உச்சம். 22 ஆண்டுகள் சர்வாதிகாரம் செய்த மானுவேல் எஸ்ட்ராடா கப்ரேரா, 1918-ல் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார்: எஸ்ட்ராடா கப்ரேரா பல்கலைக்கழகம். 1920-ல் அவர் கவிழ்ந்ததும் பெயரும் போயிற்று, மீண்டும் 'தேசிய' ஆனது. 1944 புரட்சிதான் அதற்குத் தன்னாட்சியும் 'சான் கார்லோஸ்' என்ற பெயரையும் திருப்பிக் கொடுத்தது.

இதனால் என்ன ஆகிறது? நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் பெண் ஒலிம்பியா அல்துவே. 1919-ல் மருந்தியலில் பட்டம் வாங்கினார். அந்த ஆண்டின் ஆவணத்தில் 'சான் கார்லோஸ்' என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்போது அங்கே தொங்கியது சர்வாதிகாரியின் பெயர்ப்பலகை. நோபல் எழுத்தாளர் மிகேல் ஆங்கெல் ஆஸ்துரியாஸும் அதே ஆண்டுகளில் அங்கே மாணவர்தான். எந்தச் சர்வாதிகாரியை வைத்துப் பிறகு நாவல் எழுதினாரோ, அந்த ஆளின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார்! 1923-ல் அவர் சட்டப் பட்டம் வாங்கியபோது பெயர் தேசியப் பல்கலைக்கழகம். இருவரையும் சான் கார்லோஸ் மாணவர்கள் என்று எழுதுவது சரிதான், நிறுவனம் ஒன்றே. 'அந்தக் காலத்தில் இன்ன பெயர்' என்று ஒரு சொல் சேர்த்தால் படிப்பவர் தேடிப் பார்த்துக் குழம்ப மாட்டார்.

படம் போடுவதிலும் கவனம் தேவை. பழைய தலைநகரான ஆன்டிகுவாவில், பல்கலைக்கழகம் அன்று இயங்கிய காலனிக்காலக் கட்டடம் ஒன்று வளைவுகள் சூழ்ந்த அழகான முற்றத்தோடு இருக்கிறது, பிற்காலத்தில் அது அருங்காட்சியகம் ஆனது. அந்தப் படத்தை ஆஸ்துரியாஸ் பற்றிய கட்டுரைக்கு மேலே ஒட்டிவிடுகிறார்கள். 1773 ஜூலை 29 நிலநடுக்கத்துக்குப் பின் தலைநகரமே இடம் மாறியது, பல்கலைக்கழகமும் கூடவே புதிய நகரத்துக்குப் போய்விட்டது. ஆஸ்துரியாஸ் பிறந்ததே 1899-ல். இன்றைய முதன்மை வளாகம் குவாத்தமாலா நகரின் 12ஆம் மண்டலத்தில் இருக்கிறது.

எல்லைக்கோடு பிறகு வந்தது

காலனிக் காலத்தில் 'குவாத்தமாலா' என்றால் இன்றைய சிறிய நாடு அல்ல. இன்று மெக்சிகோவில் இருக்கும் சியாபாஸ் முதல் கோஸ்டாரிகா வரை ஒரே நிர்வாகப் பகுதி. அங்கிருந்தெல்லாம் படிக்க வந்தவர்கள் சான் கார்லோஸுக்குத்தான் வந்தார்கள். பட்டியலில் குவாத்தமாலாவில் பிறந்தவர்களை மட்டும் வைத்தால் பாதி வரலாறு போய்விடும்.

1821 செப்டம்பர் 15 விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஹொசே செசிலியோ தெல் வாயே இன்றைய ஹோண்டுராஸின் சொலுதேக்காவில் பிறந்தவர். 1834-ல் மத்திய அமெரிக்கக் கூட்டாட்சியின் அதிபர் தேர்தலில் வென்றார், பதவியேற்கும் முன்பே இறந்துபோனார். அம்மை குத்தும் முறையை 1780 கொள்ளைநோயின்போது அங்கே பரப்பிய மருத்துவர் ஹொசே ஃபெலிப்பே ஃப்ளோரெஸ் சியாபாஸ்காரர், இன்றைய வரைபடத்தில் மெக்சிகோ. அதே காலத்தில் பாடத்திட்டத்தில் புதிய அறிவியலைக் கொண்டுவந்த பிரான்சிஸ்கன் துறவி லியெந்தோ இ கொய்கொச்சேயா, கோஸ்டாரிகாவின் கார்தாகோவில் பிறந்தவர். விடுதலைக்கு வெகு காலம் பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. ஹோண்டுராஸின் தலைநகரை 1880-ல் தெகூசிகல்பாவுக்கு மாற்றிய அதிபர் மார்கோ அவுரேலியோ சோத்தோ சட்டம் படித்தது குவாத்தமாலாவில்.

எல் சால்வடோரில் பிறந்த பாதிரியார் ஹொசே சிமியோன் கான்யாஸ் எனக்கு இவர்களில் எல்லாம் முக்கியமானவராகப் படுகிறார். சான் கார்லோஸில் இறையியல் முனைவர், பிறகு அதன் ரெக்டர், அதாவது பல்கலைக்கழகத் தலைவர். 1823 டிசம்பர் 31 அன்று உடல்நலம் குன்றிய நிலையில் அரசியலமைப்புப் பேரவைக்கு வந்து, அடிமைகள் அனைவரையும் உடனே விடுவிக்க வேண்டும், மற்ற வேலையெல்லாம் அப்புறம் என்று வாதாடினார். 1824 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. அமெரிக்காவில் அது நடக்க 1865 ஆயிற்று. இப்படிப்பட்டவர் 'சால்வடோர்க்காரர்' என்பதால் பட்டியலில் இடம்பெறாமல் போவது அநியாயம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மத்திய அமெரிக்க ஒற்றுமையின் நாயகன் ஃபிரான்சிஸ்கோ மொராசானையும் அந்தத் தலைமுறையோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை, சொந்த முயற்சியில் கற்றவர்.

மாணவரின் பெயரில் வேறு பல்கலைக்கழகம்

இணையத்தில் தேடும்போது இது படுத்தும் பாடு கொஞ்சமல்ல. மேலே சொன்ன கான்யாஸின் பெயரில் சான் சால்வடோரில் ஏசு சபையினரின் பல்கலைக்கழகம் இருக்கிறது. சான் கார்லோஸை மூடிய கால்வெஸின் பெயரிலும் 1966-ல் குவாத்தமாலாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் வந்தது. 1961-ல் தொடங்கிய ஏசு சபைப் பல்கலைக்கழகத்துக்கு ரஃபாயேல் லாந்திவாரின் பெயர். அவர் 18ஆம் நூற்றாண்டு லத்தீன் கவிஞர், சான் கார்லோஸில் தத்துவம் படித்தவர், 1767-ல் ஏசு சபையினர் நாடு கடத்தப்பட்டபோது வெளியேறி இத்தாலியில் இறந்தவர். ஆக, லாந்திவார் சான் கார்லோஸ் மாணவர், ஆனால் லாந்திவார் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சான் கார்லோஸ் மாணவர்கள் அல்லர். தேடல் முடிவுகளில் இரண்டும் கலந்துதான் வரும்.

1971-ல் வந்த ஃபிரான்சிஸ்கோ மரொக்கின் பல்கலைக்கழகமும் தனி. மரொக்கின் குவாத்தமாலாவின் முதல் ஆயர், உயர்கல்விக்காகச் சொத்து எழுதி வைத்தவர். 1563-ல் இறந்துவிட்டார், சான் கார்லோஸ் வர இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது.

பெயர் ஒற்றுமையில் எல்லாவற்றையும் மிஞ்சுவது பிலிப்பைன்ஸின் செபு நகரில் இருக்கிறது. அங்கேயும் ஒரு சான் கார்லோஸ் பல்கலைக்கழகம், அதுவும் பழமை பேசுவது. பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த செர்ஹியோ ஓஸ்மேனா படித்தது அங்கே. மத்திய அமெரிக்கப் பட்டியலில் ஒரு ஆசியத் தலைவர் பெயரைப் பார்த்தால் இதுதான் விஷயம்.

ஆள் பெயரிலும் இதே தொல்லை. ஒலிவேரியோ காஸ்தானியேதா தெ லியோன் சான் கார்லோஸ் மாணவர் சங்கத் தலைவர், 1978 அக்டோபர் 20 அன்று நகர மையத்தில் பேசி முடித்தபின் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று சங்கமே அவர் பெயரில் இயங்குகிறது. 1933-ல் நிகராகுவாவின் லியோன் நகரில் விஷக் கொலை வழக்கில் சிக்கிய ஒலிவேரியோ காஸ்தானியேதா வேறு ஆள், அவரும் குவாத்தமாலாக்காரர். ஆல்தோ காஸ்தானியேதா இன்னொருவர்: இத்தாலியில் பிறந்து, சான் கார்லோஸில் மருத்துவம் படித்து, பாஸ்டனில் பச்சிளம் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையில் முன்னோடியாகி, பிற்காலத்தில் குவாத்தமாலாவுக்கே திரும்பி அங்கே குழந்தைகளுக்கான இதய சிகிச்சையை வளர்த்தவர். கொலோம்களும் இருவர். தலைநகர மேயராக இருந்து 1979 மார்ச்சில் கொல்லப்பட்ட வழக்கறிஞர் மானுவேல் கொலோம் அர்கேத்தா ஒருவர். 2008-ல் அதிபரான பொறியாளர் ஆல்வரோ கொலோம் அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. இருவருமே சான் கார்லோஸ்.

படித்தார், முடித்தார் என்பவை வேறு வேறு

ஒலிவேரியோ பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார், வயது 23. அவரைப் 'பட்டதாரி' என்று எழுதினால் தவறு, 'மாணவர்' என்று எழுதிச் சேர்க்காமல் விட்டால் அதைவிடப் பெரிய தவறு. குவாத்தமாலாவில் பாடங்கள் அனைத்தையும் முடித்துவிட்டு, ஆய்வேடோ இறுதித் தேர்வோ பாக்கி வைத்துப் பட்டம் வாங்காமலேயே வேலைக்குப் போய்விடுகிறவர்கள் ஏராளம். ஆகவே ஒருவர் வாழ்க்கைக் குறிப்பில் 'அங்கே சட்டம் படித்தார்' என்று மட்டும் இருந்தால், பட்டம் பெற்றார் என்று நாமாக நீட்டக் கூடாது.

நல்லவர்களை மட்டும் பொறுக்குவது

பட்டியல் போடுபவர்கள் தியாகிகளையும் நோபல்காரரையும் வைத்துவிட்டு மற்றவர்களைத் தட்டிக் கழிப்பார்கள். 2020 முதல் 2024 வரை அதிபராக இருந்த அலெஹாந்த்ரோ ஜியாமத்தேயும் சான் கார்லோஸ் மருத்துவப் பட்டதாரிதான். பதவி முடிந்த சில நாட்களில் ஊழல் குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்கா அவருக்கு நுழைவுத் தடை விதித்தது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர் பெயர் இருக்க வேண்டும்.

ஆஸ்துரியாஸ் விஷயத்திலும் பூசி மெழுக வேண்டியதில்லை. மாயா மக்களின் தொன்மங்களை உலக இலக்கியத்துக்குக் கொண்டுவந்தவர் என்று 1967 நோபல் பரிசோடு எழுதுகிறோம், நியாயம்தான். ஆனால் அவர் பட்டத்துக்காக 1923-ல் கொடுத்த ஆய்வேடு பழங்குடிகளின் சமூகப் பிரச்சினை பற்றியது. அதில் அவர்களை நலிந்துபோன இனமாகப் பார்த்து, ஐரோப்பியர்களைக் குடியேற்றிக் கலப்பதே தீர்வு என்று எழுதினார். பல்கலைக்கழகம் அதற்குப் பரிசும் கொடுத்தது. மாயா நூல்களில் அவர் ஆழமாக மூழ்கியது அதன் பிறகு பாரிஸுக்குப் போய், பேராசிரியர் ழார்ழ் ரேனோவிடம் பாடம் கேட்டபோதுதான். அவர் பெயருக்கு எதிரே இதற்கு ஒரு வரி ஒதுக்கினால், அந்தக் காலத்துச் சட்டத்துறையில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதும் சேர்ந்தே தெரியும்.