உழுந்து மஞ்சளித்த காரணம் அரை அடி ஆழத்தில் கிடந்தது

இலங்கையின் வடக்கே விசுவமடுவில் எனக்கு ஒரு ஏக்கர் மேட்டுக்காணி. காலபோக (மாரிமழைப் பருவ) உழுந்து நன்றாய்த்தான் முளைத்தது. கார்த்திகை மழை விழுந்து மூன்றாம் நாள் திட்டுத்திட்டாய் மஞ்சளித்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி நின்றபோது தவித்த எங்களுக்கு ஒரு பை யூரியாவின் பெறுமதி தெரியும். அதைப் போட்டும் அசையவில்லை. வைரஸ் என்று ஒருவர் சொல்ல, அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்தும் அடித்தேன். காசுதான் போனது.

பழைய வேலி நின்ற கோட்டில் மட்டும் செடி கரும்பச்சை. போன வருசம் வேலியை எடுக்கும்வரை அங்கே உழவு இயந்திரம் ஏறினதில்லை. இரண்டு இடத்திலும் மண்வெட்டியால் வெட்டினேன். வேலியடியில் வேர் நேராய் இறங்கியிருந்தது. மற்ற இடத்தில் அரை அடியில் ஆணிவேர் முழங்கை போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடியது. வருசாவருசம் ஒரே ஆழத்தில் உழுது இறுகின தட்டு அது. அதன்மேல் தண்ணீர் தேங்கி வேருக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

உடனே ஆழ உழவில்லை. ஈரமண்ணில் கலப்பைக் கொழு கீறிக்கொண்டு போகும், தட்டு உடையாது. ஆவணியில் மண் காய்ந்து கிடந்தபோது உளிக்கலப்பையை ஒன்றரை அடிக்கு இறக்கிக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினோம். பாளம் பாளமாய் உடைந்தது. கச்சான் (நிலக்கடலை) கொடியை எரிக்காமல் மேலே பரப்பினேன்.

இந்தப் போகம் மழை விட்ட மறுநாளே தண்ணீர் வடிந்துவிட்டது. காணி முழுக்க ஒரே பச்சை. அப்பாடா என்றிருக்கிறது.