வேதாகம மென்பொருளுக்குக் காசு கட்டுமுன்

காசு கட்டி வேதாகம ஆய்வு மென்பொருள் வாங்குமுன், அதிலுள்ள நூல்களின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். விண்டோஸ் கணினிக்கு இ-சுவோர்ட், ஆண்ட்ராய்டு போனுக்கு மைசுவோர்ட், இரண்டும் இலவசம். மெத்யூ ஹென்றியின் விளக்கவுரை, வேதாகமச் சொற்கள் எந்தெந்த வசனத்தில் வருகின்றன என்று காட்டும், 1890இல் வந்த ஸ்ட்ராங் ஒத்தவாக்கிய அகராதி எல்லாம் அவற்றிலேயே கிடைக்கும். பதிப்புரிமை முடிந்த பழைய நூல்கள்தானே. விலைப் பொதிகள் பலவற்றிலும் இவையே இடத்தை நிரப்புகின்றன. அதற்கு டொலரில் கட்டுவானேன்?

இறக்கிவைத்தால் இணையமில்லாமலும் ஓடும். தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான் என்றால், ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போது வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இறையியல் படிப்பவர்களுக்கு இது போதாது. அண்மைக்கால விளக்கவுரைகளும் கிரேக்க, எபிரேய இலக்கண ஆய்வும் வேண்டுமென்றால் காசு கட்டத்தான் வேண்டும். அப்போதும் முழுப் பொதி வேண்டாம், தேவையான நூலைத் தனியாக விற்கிறார்களா என்று பாருங்கள்.