புதிய டிவி வாங்கும்போது எந்த வசதிக்குப் பணம் கொடுக்கலாம்?

புதிய டிவி வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் உங்கள் வீட்டில் யார், எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து, எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை முழுவதும் கேபிளில் தொடர் ஓடும் வீட்டுக்கும், இரவில் விளக்கை அணைத்துவிட்டு இணையத்தில் படம் பார்க்கும் வீட்டுக்கும் ஒரே டிவி பொருந்தாது. அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வசதிகளில் எவை உங்களுக்குப் பயன்படும் என்பதை அந்தக் குறிப்பை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இன்று 43 அங்குலமும் அதற்கு மேலும் விற்கும் டிவிகளில் பெரும்பாலானவை 4கே வகை. அதாவது திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 என்று ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் இருக்கும். சாதாரண எஸ்.டி. சேனலின் படத்திலோ 720க்கு 576 என்ற கணக்கில் நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான் உண்டு. இருபதில் ஒரு பங்கு மட்டுமே வந்து சேர, மீதிப் பத்தொன்பது பங்கையும் டிவியே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. பழைய 32 அங்குலத் திரையில் தெளிவாகத் தெரிந்த செய்தி வாசிப்பாளரின் முகம் 55 அங்குலத்தில் மழுங்கித் தெரிவதும், அடியில் ஓடும் எழுத்துகளின் ஓரங்கள் கலங்குவதும் இதனால்தான். வீட்டில் எஸ்.டி. கேபிள்தான் ஓடுகிறது என்றால் முதலில் எச்.டி. செட்டாப் பாக்ஸுக்கும் எச்.டி. சேனல்களுக்கும் மாறுங்கள், அதற்கு ஆகும் செலவு டிவியின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பாக்ஸை மாற்றிய பிறகும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய வயரிலேயே இணைத்திருந்தால் எஸ்.டி. தரத்தில்தான் படம் வரும் என்பதால், எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவசியம்.

அளவைக் கடையில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். உயரமான கூரையும் அகன்ற தளமும் உள்ள ஷோரூமில் 55 அங்குல டிவி சிறியதாகவே தோன்றும். அதன் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர், 43 அங்குலத்தின் அகலம் 95 சென்டிமீட்டர். அந்த அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். நல்ல தரமான படமே பார்ப்பவர்களுக்குத் திரையின் மூலைக்கு மூலை அளவைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வசதியானது. 55 அங்குலத்துக்கு அது ஏறத்தாழ 7 அடி. எஸ்.டி. படம் அதிகம் பார்க்கும் வீட்டில் அதே தூரத்துக்கு ஓர் அளவு சிறிய திரை நல்லது.

பலரும் கேட்காமல் விடுவதும், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் திரையின் வகை. எல்.இ.டி. என்றும் கியூ.எல்.இ.டி. என்றும் விற்பவை யாவும் பின்னால் விளக்கு வைத்த எல்.சி.டி. திரைகளே, கியூ.எல்.இ.டி.யில் நிறத்தைச் செழுமையாக்கும் ஒரு படலம் கூடுதலாக இருக்கும். இவற்றுக்குள் வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரண்டு வகைகள் உள்ளன. வி.ஏ. திரையில் கறுப்பு ஆழமாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். திரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெரிதாக மாறாது, ஆனால் இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வாங்கியபோது நேர் எதிரே நின்று பார்த்துவிட்டு வி.ஏ. திரையை எடுத்து வந்தோம். கூடத்தின் ஓரத்தில் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கும் அம்மாவுக்கு அதில் முகங்களெல்லாம் வெளிறித் தெரிந்தன. கடைசியில் கட்டிலை நகர்த்த வேண்டியதாயிற்று. ஆகவே கடையில் நேரே பார்த்த பிறகு, உங்கள் வீட்டில் ஓர இருக்கை எந்தக் கோணத்தில் இருக்குமோ அந்தக் கோணத்துக்கு நகர்ந்து நின்று ஒரு நிமிடம் பாருங்கள். ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் இந்த இரண்டு குறைகளும் இல்லை. ஆனால் விலை அதிகம்; நாள் முழுவதும் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில் அந்தச் சேனலின் சின்னம் நாளடைவில் திரையில் தடமாகப் பதிந்துவிடவும் கூடும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர்., அதில் ஒரு வகையான டால்பி விஷன் என்ற பெயர்கள் விலை குறைந்த டிவிகளிலும் இருக்கின்றன. அந்த வகைப் படத்தை டிவி ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு மேல் அந்தப் பெயருக்குப் பொருளில்லை. படத்தில் வெயிலும் தீயும் மின்னித் தெரிய வேண்டுமானால் திரைக்குப் போதிய வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 300 நிட்ஸ் அளவே உள்ள திரையில் எச்.டி.ஆர். பெரிய மாற்றம் எதையும் காட்டாது என்பதால், அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ஜன்னலுக்கு எதிரே டிவி வைக்கும் வீட்டுக்கும் இந்த வெளிச்ச அளவே முக்கியம். நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை, விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்களுக்குத் தேவைப்படும். மற்றவர்களுக்கு 60 போதும்.

ஸ்மார்ட் வசதிகளுக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரை பத்து ஆண்டு உழைத்தாலும், உள்ளே இருக்கும் மென்பொருள் சில ஆண்டுகளில் மந்தமாகி, செயலிகளும் ஒவ்வொன்றாக நின்றுபோகும். அப்போது எச்.டி.எம்.ஐ.யில் செருகும் ஒரு சிறிய ஸ்டிக் அந்த வேலையைச் செய்துவிடும்; திரையை அப்படி மாற்ற முடியாது. செட்டாப் பாக்ஸ், ஸ்டிக், தனி ஸ்பீக்கரான சவுண்ட்பார் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, குறைந்தது மூன்று எச்.டி.எம்.ஐ. துளைகள் உள்ளதையே வாங்குங்கள். சவுண்ட்பார் இணைக்க அவற்றில் ஒன்றின் மேல் ஏ.ஆர்.சி. அல்லது ஈ.ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்க வேண்டும். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருப்பதால், வசனம் புரியவில்லை என்று பெரியவர்கள் சொல்லும் வீட்டில் 5 அங்குலம் கூடுதலான திரையைவிடச் சவுண்ட்பார்தான் உதவும்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் நீங்கள் நன்கறிந்த இரவுக் காட்சி ஒன்றையும், மனித முகம் நெருக்கமாகத் தெரியும் காட்சி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பூக்களும் கிளிகளும் வரும் மாதிரிப் படம் எந்த டிவியிலும் அழகாகவே இருக்கும். விற்பனையாளரிடம் படத்தின் அமைப்பை, நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் விவிட் என்பதிலிருந்து சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் முறைக்கு மாற்றச் சொல்லி, உங்கள் காட்சிகளை அதில் ஓட்டிப் பாருங்கள். தோலின் நிறம் இயல்பாகத் தெரிகிறதா, இருட்டில் நிற்பவரின் சட்டை மடிப்பு தெரிகிறதா என்பதைக் கவனியுங்கள்.

டிவி வீட்டுக்கு வந்ததும், மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறம் நிறைந்த படங்களைத் திரை முழுவதும் காட்டி, செத்த புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் அவர் முன்னிலையிலேயே படம் எடுத்து, டிவியின் பின்புறம் உள்ள வரிசை எண்ணோடு அன்றே புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.