குப்பைத்தொட்டியில் ஈ மொய்க்கிறதா? கோடையில் செய்யக்கூடாத தவறுகள்

ஈ மொய்த்ததும் ஸ்பிரே வாங்க ஓடுவதுதான் முதல் தவறு. பறக்கும் ஈ செத்து விழும், அவ்வளவுதான். குப்பைக்குள் இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. வீட்டு ஈ ஒரு தடவையில் நூறு முட்டைகளுக்கு மேல்கூட இடும். கத்திரி வெயில் காலத்துச் சென்னை வெப்பத்தில் அவை ஒரே நாளுக்குள் பொரிந்துவிடும். முட்டை ஈயாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். பினாயிலும் பாச்சை உருண்டையும் நாற்றத்தை மறைக்குமே தவிர இந்தக் கணக்கை மாற்றாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாச்சை உருண்டை ஆபத்தும்கூட.

புழு வளர ஈரம் வேண்டும். அதை நாமே ஊற்றிக் கொடுக்கிறோம். டீ சக்கையைப் பிழியாமல் கொட்டுவது, மிஞ்சிய சாம்பாரைச் சாதத்தோடு தள்ளுவது, தர்பூசணித் தோலைச் சாறு சொட்டச் சொட்டப் போடுவது எல்லாம் அந்த வகைதான். சிங்க்கில் ஒரு வடிகூடை வைத்து, பத்து நிமிஷம் வடிந்த பிறகு தொட்டியில் போடுங்கள். தொட்டியின் அடியில் செய்தித்தாள் நாலைந்து தாள் விரித்து, மேலே ஒரு கைப்பிடி தேங்காய் நார்த்தூளோ மரத்தூளோ தூவினால் மீதி ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் கவர் போட்டால் சுத்தம் என்று நினைப்பவர்கள் கவரைத் தூக்கிவிட்டு அடியில் பார்க்க வேண்டும். முருங்கைக்காய்ச் சக்கையோ நண்டு ஓடோ குத்திய சின்ன ஓட்டை வழியாகக் கசிந்த தண்ணீர், கவருக்கும் தொட்டிக்கும் நடுவே வாரக்கணக்கில் தேங்கியிருக்கும். கவரைத் தினமும் மாற்றினாலும் அந்தக் குட்டை அப்படியேதான் கிடக்கும். விளிம்பில் மடித்துவிட்ட கவரால் மூடியும் சரியாக உட்காராது. ஈ நுழைய அரை விரல் இடைவெளி தாராளம். தொட்டியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் கழிவு தனிக் கதை. பச்சையாக மினுங்கும் பெரிய ஈ செவுளையும் குடலையும் தேடி வருவது. முடிந்தவரை கடையிலேயே வெட்டிக் கழுவி வாங்கிவிடுங்கள். வீட்டில்தான் ஆய்வீர்கள் என்றால், கழிவை மூன்று தாள் செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மறுநாள் காலை குப்பை வண்டி வரும்வரை ஃப்ரீசரில் வையுங்கள். முகம் சுளிக்க வேண்டாம், மீதி மீனையும் அங்கேதானே வைப்போம். மீன் கழுவிய தண்ணீரைப் பூந்தொட்டியின் மேல்மண்ணில் ஊற்றினால் ஈ அங்கே போய் உட்காரும்.

மக்காத குப்பைதானே என்று நீலத் தொட்டியைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. அலசாத பால் பாக்கெட், சால்னா ஒட்டிய பரோட்டா பார்சல் கவர், தயிர் டப்பா எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. அலசி, கவிழ்த்து, காய்ந்த பின் போடுங்கள்.

தொட்டியை மாதம் ஒரு தடவை கழுவினால் கோடையில் போதாது. புழு முழுசாக வளர நாலைந்து நாள் பிடிக்கும். அதற்குள், மூன்று நாளுக்கு ஒரு தடவை கழுவிவிட்டால் ஈயாகும் வாய்ப்பு மிகக் குறைவு. பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும் விட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை ஒட்டியிருப்பது பெரும்பாலும் மூடியின் கீல், விளிம்பின் உள்மடிப்பு, பெடல் தொட்டி என்றால் உள்வாளியின் வெளிப்பக்கம். பிறகு 5 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு அலசுங்கள். அதோடு கழிவறை ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்; கிளம்புவது குளோரின் வாயு. கடைசியில் வெயிலில் கவிழ்த்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஈரத்தோடு திரும்ப வைத்தால் கழுவியதே வீண். காய்ந்ததும் நிழலுக்கு எடுத்துவிட வேண்டும். பால்கனி வெயிலில் நிற்கும் தொட்டியில் குப்பை இன்னும் வேகமாகப் புளிக்கும்.

கழுவும்போது தொட்டி நின்ற இடத்தையும் பெருக்குங்கள். முற்றிய புழு குப்பையைவிட்டு ஊர்ந்து, காய்ந்த இருட்டு மூலையில் போய்க் கூடாகும். மிதியடிக்கு அடியில் அரிசி அளவில் செம்பழுப்பு மணிகள் கிடந்தால் அவை அடுத்த வாரத்து ஈக்கள்.

மாம்பழக் காலத்தில் மொய்க்கும் பொடி ஈ வேறு இனம். அதற்கு அரை டம்ளர் வினிகரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு வைத்தால் விழுந்து சாகும். வீட்டு ஈ அதில் அவ்வளவாகச் சிக்காது. தொட்டி சுத்தமாக இருந்தும் பொடி ஈ குறையவில்லையா? இரவு சிங்க் ஓட்டையின் மேல் செலோடேப்பை, பசைப் பக்கம் கீழே இருக்கும்படி, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஒட்டுங்கள். காலையில் அதில் ஈ ஒட்டியிருந்தால் தேய்க்க வேண்டியது தொட்டியை அல்ல, சிங்க் குழாயின் உள்பக்கத்து வழவழப்பை.