கேம் திணறுகிறதா? பிராசஸரா, கிராஃபிக்ஸ் கார்டா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

“அண்ணா, கேம் லேக் ஆகுது, எந்த கார்டு வாங்கலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கேம் ஓடும்போது ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் சிப், எத்தனை சதவீதம் உழைப்பதாகக் காட்டுகிறது? பாதிப் பேருக்கு அதை எங்கே பார்ப்பது என்றே தெரியாது. பார்க்காமலே கார்டு வாங்கிப் போட்டு, பிறகும் அதே எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) வந்தால் கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. பைசா செலவில்லாமல் அரை மணி நேரத்தில் முடிகிற சோதனை இது.

முதலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம். 60 எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு 60 படம், அதாவது ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஈடு கொடுக்க வேண்டுமென்றால் 6.9 மில்லிசெகண்ட்தான். எதிரி எங்கே நகர்ந்தான், குண்டு யார் மேல் பட்டது, எந்தப் பெட்டி உருண்டது என்பதையெல்லாம் பிராசஸர் கணக்குப் போட்டு, எதை எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குக் கட்டளை அனுப்பும். வரைவது, நிழல் போடுவது, ஒளி சேர்ப்பது கார்டின் வேலை. ஓட்டலில் சப்ளையர் ஆர்டர் எடுத்து வந்து சொன்னால்தானே பரோட்டா மாஸ்டர் கல்லில் போட முடியும்? சப்ளையர் மெதுவாக இருந்தால் மாஸ்டர் எவ்வளவு கைகாரராக இருந்தாலும் சும்மா நிற்பார். இருவரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் உங்கள் எஃப்பிஎஸ். யாரால் யார் காத்திருக்கிறார் என்பதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

படி 1: கேபிளைப் பாருங்கள்

சிரிக்காதீர்கள். தனி கார்டு போட்ட கம்ப்யூட்டரில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகியிருப்பவர்கள் நிறையப் பேர். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். அப்படியே விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டையும் (அந்த ஹெர்ட்ஸ் எண்) பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு 60-லேயே விட்டிருப்பதும் சகஜம்.

படி 2: எண்களைத் திரையில் கொண்டுவாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், எந்த நிறுவனத்தின் கார்டுக்கும் ஓடும். கூடவே வரும் ரிவாட்யூனரையும் நிறுவினால்தான் கேமுக்கு மேலே எண்கள் தெரியும். என்விடியா ஆப் வைத்திருப்பவர்கள் ஆல்ட், ஆர் அழுத்தினாலே போதும். நமக்குத் தேவை: எஃப்பிஎஸ், 1% லோ (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்), ஜிபியு சதவீதம், ஜிபியு மெமரி, பிராசஸர், கார்டு இரண்டின் வெப்பநிலை.

சோதனை முடியும்வரை வி-சிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி) எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்து வையுங்கள். அவை இருந்தால் கார்டு வேண்டுமென்றே மெதுவாக ஓடும், எண்கள் பொய் சொல்லும்.

படி 3: ஜிபியு சதவீதத்தைப் படியுங்கள்

கேமில் திணறல் வருகிற இடத்துக்கே போங்கள். காலி மைதானத்தில் நின்று அளந்து பயனில்லை. ஒரு சில நிமிடம் அங்கேயே ஆடிக்கொண்டு எண்ணைக் கவனியுங்கள்.

ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு முழு மூச்சாக உழைக்கிறது, தடை கார்டில். 60, 70 என்று ஊசலாடினால் கார்டு காத்திருக்கிறது, பெரும்பாலும் பிராசஸருக்காக.

“ஆனால் என் சிபியு (பிராசஸர்) 30 சதவீதம்தானே காட்டுகிறது?” என்ற கேள்வி தவறாமல் வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லாக் கோர்களுக்கும் சேர்த்த கணக்கு. 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்) உள்ள பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழுதாக நிரம்பினால் மொத்தத்தில் அது சுமார் 8 சதவீதம்தான். பல கேம்களில் முக்கிய வேலை ஓரிரு த்ரெட்டிலேயே ஓடுகிறது. அந்த ஒன்று மூச்சுத் திணறும்போது மற்றவை வேடிக்கை பார்க்கும். ஆகவே சிபியு சதவீதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஜிபியு சதவீதம்தான் நம்பகமான சாட்சி.

படி 4: ரெசல்யூஷனைக் குறைத்து உறுதி செய்யுங்கள்

1080பி திரையில் 20,73,600 பிக்சல்கள். 720பியில் 9,21,600, பாதிக்கும் கீழ். ரெசல்யூஷனைக் குறைத்தால் கார்டின் சுமை சட்டென்று குறையும், பிராசஸரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதே இடத்தில், மற்ற செட்டிங்ஸ் எதையும் தொடாமல் 720பிக்கு மாற்றுங்கள். 62 எஃப்பிஎஸ் 95 ஆனால் தடை கார்டில். 62 வெறும் 64 ஆனால் பிராசஸரில். 4கே திரையில் பிக்சல்கள் 1080பியைப் போல் நான்கு மடங்கு. அதனால்தான் 4கேயில் ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் கார்டே தடையாகிறது, 1080பியில் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்களை 200 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் விரட்டுபவர்களுக்குப் பிராசஸர்.

ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர் என்ற கேம் கையில் இருந்தால் இன்னும் சுலபம். அதிலேயே உள்ள பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) முடிவில் சிபியு, ஜிபியு எஃப்பிஎஸ்ஸைத் தனித்தனியாகக் காட்டி, எத்தனை சதவீதம் ஜிபியுதான் தடையாக இருந்தது என்றும் போட்டுவிடும். இணையத்தில் இரண்டு பெயரைத் தட்டினால் “17% பாட்டில்நெக்” (தடை) என்று சொல்லும் கால்குலேட்டர்களை நான் மதிப்பதில்லை. நீங்கள் என்ன கேம் ஆடுகிறீர்கள், எந்த செட்டிங்ஸில் ஆடுகிறீர்கள் என்று தெரியாமல் எப்படிச் சொல்ல முடியும்?

படி 5: காசு செலவழிக்கும் முன்

தடை கார்டில் என்றால் நிழல், ரிஃப்ளெக்‌ஷன், ரே டிரேசிங் (ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் இருந்தால் குவாலிட்டி நிலையில் வையுங்கள். ரே டிரேசிங் பிராசஸருக்கும் வேலை வைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தடை பிராசஸரில் என்றால் கூட்ட அடர்த்தி, காட்சித் தொலைவு போன்றவற்றைக் குறையுங்கள். அடுத்து ரேம். 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டிருந்தால், 8 ஜிபி இரண்டு குச்சியாக மாற்றியதும் பல கேம்களில் வித்தியாசம் தெரியும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ரேம், அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தில் ஓடாமல் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.

சராசரி 90 இருந்தும் 1% லோ 25-க்கு விழுகிறதா? ஜிபியு மெமரி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினாலே வெட்டு வெட்டாக ஓடுவது நின்றுவிடலாம். வெப்பநிலை 95 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் தூசியைத் தட்டுங்கள்.

படி 6: அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால்

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். “ஐ7 சார்” என்று பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடுவார்கள். 2013-இல் வந்த ஐ7 4770-க்கும் 2022-இல் வந்த ஐ3 12100-க்கும் 4 கோர், 8 த்ரெட்தான், ஆனால் கேமில் அந்த ஐ3 முன் இந்த ஐ7 நிற்காது. கிகாஹெர்ட்ஸும் அப்படித்தான். ரைசன் 7 5800எக்ஸ் 4.7 வரை போகும், 5800எக்ஸ்3டி 4.5 வரைதான். இருந்தும் கேம்களில் பெரும்பாலும் ஜெயிப்பது பின்னது, காரணம் அதன் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி). முன்னதில் இருப்பது 32 எம்பி.

கார்டில் மெமரி அளவை மட்டும் பார்ப்பது இன்னும் மோசம். ஜிடி 730-உம் 4 ஜிபியில் கிடைக்கிறது, ஜிடிஎக்ஸ் 1650-உம் 4 ஜிபி. முன்னதை வைத்து இன்றைய கேம் ஆடுவதற்கு ஆடாமலே இருக்கலாம். ஒரே பெயரிலும் வேறுபாடு உண்டு: ஜிடிஎக்ஸ் 1060-இன் 6 ஜிபி வகையில் 1280 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 3 ஜிபி வகையில் 1152.

லேப்டாப் வாங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் நிறுவனங்கள் அமைக்கலாம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்று, வேகம் வேறு. கடையில் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். அந்த மாடல் எண்ணைப் போட்டு, தயாரிப்பு நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் டிஜிபி (கார்டுக்கு ஒதுக்கிய மின்சார அளவு) எத்தனை வாட் என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.