எழுத்தறிவும் எண்ணறிவும்: உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணினிவழிப் பயிற்சி அளிப்பது எப்படி?

செயலிகளை வரிசையாகக் காட்டிவிட்டு முடிந்துபோகும் பயிற்சி வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்துக்குரிய ஒரே ஒரு வினாவை உருவாக்கி முடிப்பதையே முதல் அமர்வின் வேலையாக வையுங்கள்.

படி 1: தவறான விடைகளை முதலில் எழுதச் சொல்லுங்கள். "0.5, 0.45, 0.067 ஆகியவற்றுள் பெரியது எது?" என்ற வினாவில், புள்ளிக்குப் பின்வருவதை முழு எண்ணாகப் படிக்கும் மாணவர் 0.067-ஐத் தேர்வார், புள்ளியை அடுத்து வரும் பூச்சியம் மதிப்பைக் குறைக்கும் என்று மட்டும் அறிந்தவர் 0.45-ஐத் தேர்வார். அறிவியல் ஆசிரியருக்கும் இதுவே வழி. "ஒளி இல்லாவிடினும் பல விதைகள் முளைக்கும்" என்ற தொடரை "ஒளி இல்லாவிட்டால் முளைக்காது" என்று படித்துக்கொள்பவருக்கு ஏற்ற ஒரு விடையும் பட்டியலில் இருக்க வேண்டும்.

படி 2: வினாவைக் கூகுள் படிவத்தில் ஏற்றி, வினாடி வினாவாக மாற்றுங்கள். விடைக்கேற்ப வேறு பகுதிக்கு அனுப்பும் வசதியைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு தவறுக்கும் தனி விளக்கம் காட்டலாம். நேரம் ஓடிக்கொண்டிருக்கும் போட்டி வகை வினாடி வினாக்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை வேகத்தை அளக்கின்றனவே தவிர, புரிதலை அளப்பதில்லை.

படி 3: பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். மாணவர்கள் தாளில் எழுதிய பின்னங்களை விரிதாளில் பதியும்போது, 3/4 என்று தட்டச்சு செய்தவுடன் அது தேதியாகிவிடும். தேதியும் உள்ளே ஓர் எண்ணாகவே இருப்பதால், அந்த நெடுவரிசைக்குச் சராசரி கண்டால் 40,000-ஐத் தாண்டிய ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். பதிந்த பிறகு எண் வடிவமைப்புக்கு மாற்றினாலும் பின்னம் திரும்பி வராது. ஆகவே, பதிவதற்கு முன்பே முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்து, "சாதாரண உரை" என்று மாற்றிவிடுங்கள். குறுவிடை வினாக்களிலும் கவனம் தேவை: 0.5 என்பதை மட்டும் சரியான விடையாகக் கொடுத்திருந்தால், 0.50 என்று எழுதியவருக்கு மதிப்பெண் கிடைக்காது. ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தையும் விடைப்பட்டியலில் சேருங்கள்.

படி 4: விடைகளைப் பார்த்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுங்கள். பின்னத்துக்கும் எண்கோட்டுக்கும் ஜியோஜீப்ரா (GeoGebra) என்ற கணித மென்பொருளே என் தேர்வு. நகர்த்தியை இழுக்கும்போது மதிப்பு மாறுவதை மாணவர் கண்ணெதிரே காணலாம்.

பிற்சேர்க்கை: இணைய வசதியில்லாத வகுப்புகளுக்கு என்ன வழி என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஜியோஜீப்ராவைக் கணினியில் முன்கூட்டியே நிறுவிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். படிவத்துக்கு மாற்றாக, வினாவைத் தாளில் கொடுத்து, விடை எழுத்துகளை மட்டும் விரிதாளில் பதிந்தால் போதும்.